ரவி என்னும் தச்சன்

பிரான்சின் கிராமங்களுக்குப் போய்வந்த இலக்கிய நண்பர்கள் எழுதும் பயணக் கட்டுரைகளை ஆவலோடு படிப்பவன் நான். ரோமனெஸ்க் தேவாலயத்தின் தடித்த சுவர், சிறிய சாளரம், பீடத்தை அணைத்து நிற்கும் அரைவட்டப் பின்சுவர் என்று எல்லாவற்றுக்கும் அவர்களிடம் சொல் இருக்கிறது. அதே கைகள் வடசென்னையை எழுதும்போது புகைபோக்கி, கண்டெய்னர் லாரி, மீன்வாடை, அடிதடி இவற்றோடு நின்றுவிடுகின்றன. வரலாறு வேண்டுமென்றால் 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையம். அதற்கு முன் அங்கே வெறும் மணல்தான் போலும்!

திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் சன்னதியைச் சுற்றி வந்து பின்புறம் சற்று நில்லுங்கள். சுவர் அரைவட்டமாக வளைகிறது. கஜபிருஷ்டம் என்பது சிற்ப நூல் வழக்கு. தூங்கானை மாடம் என்பது தேவாரத் தமிழ். மூன்று தள விமானமும் அந்த வளைவையே பின்பற்றி எழுகிறது. முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் (1012-1044), ஐரோப்பா ரோமனெஸ்க் ஆலயங்களைக் கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கருங்கல்லில் அமைந்தது இது.

உடனே ஒருவர் ‘நம்மூர் ரோமனெஸ்க்’ என்பார். அதையும் மறுக்கிறேன். அங்கே கல்லைக் கல் நெருக்கித் தாங்கும் வில்வளைவு. தமிழ்த் தச்சின் வழியோ கிடைவரிசைகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சற்றே உள்நீட்டிக் கூட்டுவது. அங்கே வளைவு கூடியிருக்கும் சபையின் பார்வை சென்று முடியும் இடம். இங்கே வலம் வருபவர் மட்டுமே காணும் முதுகுப்புறம். கணக்கு வேறு, கை வேறு. ஐரோப்பியச் சான்றிதழ் எதற்கு?

அந்தக் கைக்குரியவன் பெயரும் நமக்குத் தெரியும். சதுரானன பண்டிதரின் வேண்டுகோளை ஏற்று ராஜேந்திரன் எடுப்பித்த இவ்விமானத்தைச் செய்தவன் வீரசோழத் தச்சனாகிய ரவி என்று கோயில் கல்வெட்டே சொல்கிறது. ரோமனெஸ்க் கொத்தர்களில் பெரும்பாலோர் பெயரின்றிப் போனார்கள். ஓத்தன் தேவாலயத்தில் பொறித்த கிஸ்லெபெர்ட்டுஸ் என்ற பெயர் சிற்பியுடையதா, புரவலருடையதா என்று இன்றும் வழக்காடுகிறார்கள். நமக்கோ அரசன், ஆசான், தச்சன், அவன் பட்டம் எல்லாம் ஒரே கல்வெட்டில் கிடைக்கின்றன. கிஸ்லெபெர்ட்டுஸை அறிந்த நம்மில் எத்தனை பேர் ரவியை அறிவோம்?

பாணினியின் இலக்கணம் கற்பிக்க இதே கோயிலில் வியாகரண தான மண்டபம் இருந்ததையும் கல்வெட்டுகள் கூறுகின்றன. மொழியை ஆராய்ந்த ஊரைத்தான் வசைச்சொற்களின் ஊராக நம் புனைகதைகள் சுருக்கிவிட்டன.

உழைப்பாளிகளின் ஊர் என்று வடசென்னையைப் புகழ்ந்துவிட்டால் கடமை தீர்ந்ததாக எண்ணுகிறோம். உழைத்தவன் பெயரை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த ஊர் அது. அந்தக் கல்லைப் படிக்காமல் அந்த ஊரை எழுதுவது எந்த வகை யதார்த்தவாதம்?