சுவருக்குள் வசந்தம் இல்லை

"மதுரையில் ஏது ஐயா வசந்தம்? பங்குனி பிறந்தால் அனல் காற்று அல்லவா?" என்று என் நண்பர் ஒருவர் ஆண்டுதோறும் அங்கலாய்ப்பார். அங்கலாய்த்துவிட்டு மே மாதம் கொடைக்கானலுக்குப் பஸ் ஏறுவார். பிரையண்ட் பூங்காவில் சீட்டு வாங்கிக்கொண்டு, பெயர் தெரியாத பூக்களை எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்புவார். தம் வீட்டுக் கொல்லையில் இருந்த வேப்பமரத்தை வெட்டிச் சிமெண்டு பூசியவரும் அவரேதான்.

நமக்கு வசந்தம் இல்லை என்று யார் சொன்னது? ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் பனி உருகிப் பூ மலர்ந்தது. நம் தெருவில் பனியும் இல்லை, உருகவும் இல்லை. ஆகவே வசந்தம் வரவில்லை என்று முடிவு கட்டிவிட்டோம். நம் முன்னோர்கள் சித்திரைக்கும் வைகாசிக்கும் இளவேனில் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்குள்ளேயே வெயில் இருக்கிறது. அந்த வெயிலில்தான் வேம்பு பூத்து வருஷப் பிறப்புப் பச்சடிக்கு வருகிறது. மல்லிகையோ வெயிலைக் குடித்தே மணக்கிற செடி. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துத் தோட்டங்களில் மார்கழிப் பனிக்கு முடங்கிக் கிடந்துவிட்டு, வெயில் ஏற ஏற அரும்பித் தள்ளுகிறது. 2013-இல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். ஊர்ப் பெயரோடு மணக்க ஒரு பூவை வைத்துக்கொண்டு, வசந்தம் இல்லை என்று புலம்பல் வேறு!

நண்பரை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. எங்கள் தெரு முனையில் ஒரு புங்கமரம் நின்றது. சித்திரையில் அதன் பூ பொரி கொட்டியதுபோல் வாசலெல்லாம் உதிரும். "குப்பை" என்றார்கள். மரத்தை வெட்டச் சொல்லி ஒரு மனு வந்தது. மூன்றாவது கையெழுத்து என்னுடையது. பக்கத்து வீட்டு அம்மாள் மட்டும் மறுத்துவிட்டார். "பூ விழுந்தா பெருக்கிட்டுப் போறேன் தம்பி. நிழலை எந்தக் கடையில வாங்குவீங்க?" என்றார். சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மரம் போயிற்று. அதன் அடியில் மாலைதோறும் பூக் கட்டிக்கொண்டு பேசியிருந்த பெண்கள் அவரவர் வீட்டுக்குள் போனார்கள். மரம் இருந்தவரை, தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்பது விளக்கு வைப்பதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வெட்டிய மறு வருஷம், நான்கு வீடு தள்ளியிருந்த பெரியவர் காலமான செய்தி எனக்கு மூன்றாம் நாள்தான் தெரிந்தது. நான் போட்ட கையெழுத்தின் விலை அது.

மீனாட்சி கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம் இருக்கிறது. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென்றே கட்டிய மண்டபம் அது. குளிர்ச்சிக்காகச் சுற்றிலும் நீர் நிற்க அகழியும் அமைத்தார். ஆக, சுவாமியும் அம்மனுமே வசந்தம் கொண்டாடக் கோயிலைவிட்டு வெளியே வரவேண்டியிருக்கிறது. அழகரும் தம் மலையை விட்டிறங்கி, மண்டகப்படிக்கு மண்டகப்படி நின்று வைகைக்கு வருகிறார். வழியெல்லாம் தோல் துருத்தியில் நீர் பீய்ச்சுகிறார்கள். வீட்டு வாசல்களில் நீர்மோரும் பானகமும் கொடுக்கிறார்கள். வாங்கிக் குடிப்பவனை யார், எந்த ஊர் என்று எவரும் கேட்பதில்லை. அந்தச் சில நாட்கள் ஊர் முழுவதும் அண்டை வீடு. திருவிழா முடிந்ததும் நாம் காம்பவுண்டுச் சுவரை இன்னும் இரண்டடி உயர்த்துகிறோம்!

"சுவர் பாதுகாப்புக்கு" என்பார்கள். இருக்கட்டும், சுவர் திருடனைத் தடுக்கட்டும். ஆனால் முற்றம் முழுவதும் சிமெண்டு பூசியது எந்தத் திருடனுக்குப் பயந்து? பகலில் குடித்த வெயிலை அது இரவெல்லாம் வீட்டுக்குள் கக்குகிறது.

ஒரு மல்லிகைச் செடிக்கு ஒரு முழம் மண் போதும். காலையில் பறித்த மொட்டு மாலையில் விரிகிறது, மறுநாள் வாடிவிடுகிறது. பூட்டி வைக்க முடியாத செல்வம் அது. நன்றாகப் பூத்த செடியின் பூ ஒரு வீட்டுக்கு மிகுதி. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தே ஆகவேண்டும்.

போன ஐப்பசி மழையில், பழைய இடத்திலேயே ஒரு புங்கங்கன்று வைத்தேன். நான் கேட்காமலே அந்த அம்மாள் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறார். மனுவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கன்று இப்போது என் இடுப்பளவு வளர்ந்திருக்கிறது. அது பூக்கும் வருஷம் நண்பர் கொடைக்கானலுக்குப் போகவேண்டாம். எங்கள் தெருவுக்கு வரட்டும். சீட்டு வாங்க வேண்டியதில்லை.