அடைக் கோழியின் பிடிவாதம்

ஒரு சகோதரி கோழியைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். கோழியைப் பற்றி எழுத நான்கு பக்கமா என்று கேட்காதீர்கள். கோழி வளர்த்தவர்களுக்குத்தான் தெரியும்!

அவர் வீட்டு நாட்டுக் கோழி 4 நாட்களாகக் காணோமாம். நாய் கொண்டு போய்விட்டது என்று தலை முழுகிவிட்டார்கள். ஐந்தாம் நாள் மத்தியானம் புயல் மாதிரி ஓடி வந்து, ஒரு பிடி அரிசியை அவசர அவசரமாக விழுங்கி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் மாயமாய் மறைந்ததாம். பின்னாலேயே போய்ப் பார்த்தால், பக்கத்துக் காலி மனையில் அடுக்கி வைத்திருக்கும் சென்ட்ரிங் பலகைகளுக்கு அடியில், 11 முட்டைகளின் மேல் ராணி கொலுவிருக்கிறாள்! திங்கட்கிழமை கொத்தனார் ஆட்கள் வரப் போகிறார்கள். தெரு நாய்கள் இப்போதே மோப்பம் பிடிக்கின்றன. தொட்டால் அடை கலைந்துவிடும் என்கிறாராம் மாமியார். இந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு வா என்கிறாராம் கணவர்.

இரண்டு பேர் பக்கமும் பாதிப் பாதி நியாயம் இருக்கிறது. எடுத்து வரத்தான் வேண்டும். ஆனால் இப்போது அல்ல, இருட்டிய பிறகு.

கோழியை அசடு என்று திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. அதன் மூதாதையரான காட்டுக் கோழி புதர் அடியில், தரையில், ஒருவர் கண்ணிலும் படாத இடத்தில்தான் முட்டையிடும். நம் வீட்டுக் கோழிக்கும் அந்தப் புத்தி போகவில்லை. இருட்டு, மறைவு, ஆள் நடமாட்டம் இல்லாமை - இந்த மூன்றும் பலகை அடியில் இருக்கின்றன. கீரியும் பெருச்சாளியும் நாயும் வரும் என்ற கணக்குத்தான் அதற்குத் தெரியவில்லை. மற்ற வேளைகளில் நாயைக் கண்டால் கூரை மேல் பறக்கும் கோழி, அடையில் இருக்கும்போது எழுந்திருக்காது. சிறகை விரித்துச் சீறும், உட்கார்ந்தபடியே பிடிபடும். முட்டை போனால் போகட்டும், தாயும் சேர்ந்து போகிறதே என்பதுதான் விஷயம்.

பகலில் ஏன் எடுக்கக் கூடாது? அடைக் கோழிக்கு முட்டையைவிட இடத்தின் மேல்தான் பற்று அதிகம். பகலில் கொண்டு வந்து, முட்டைகளையும் பக்கத்திலேயே வைத்தாலும், விட்டதும் பழைய இடத்துக்கு ஓடிப்போய் வெறும் மண்ணின் மேல் உட்கார்ந்துகொள்ளும். மாமியார் பயந்தது இதற்குத்தான். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. தூக்கி எங்கே வைத்தாலும் விடிகிற வரையில் அங்கேயே இருக்கும்.

ஆகவே பகலிலேயே புது இடத்தைத் தயார் செய்துவிடுங்கள். மாடிப்படிக்கு அடியிலோ சாமான் அறையிலோ ஓர் இருட்டு மூலை போதும். உயரத்தில் வேண்டாம், பொரிக்கும் குஞ்சுகள் கீழே விழும். அகலமான கூடை அல்லது மண் சட்டியில் மணலும் சாம்பலும் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, நடுவில் கிண்ணம் போலக் குழித்துவிடுங்கள். தட்டையாக இருந்தால் முட்டைகள் ஓரத்துக்கு உருண்டு சில்லிட்டுவிடும். இரும்புத் துண்டும் கரியும் போட வேண்டும் என்று பாட்டி சொன்னால் போடுங்களேன், கோழிக்கு ஒன்றும் நஷ்டமில்லை!

இரவு இரண்டு பேராகப் போங்கள். காலில் செருப்புப் போதாது, ஷூ வேண்டும். பலகைக்கு அடியில் கையை விடுவதற்கு முன் கழியால் தட்டி, டார்ச் அடித்து நன்றாகப் பாருங்கள். முட்டை நமக்கு மட்டும் பிடித்த பண்டம் அல்ல; பாம்புக்கும் பிடிக்கும். அப்படி ஏதாவது நெளிந்தால் கோழியை மறந்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியனுப்புங்கள். வீராப்பு வேண்டாம்.

ஒருவர் கோழியின் நெஞ்சுக்குக் கீழே இரு கையும் கொடுத்து மெல்லத் தூக்க வேண்டும். சிறகிடுக்கிலோ காலிடுக்கிலோ முட்டை சிக்கியிருக்கும். தடவிப் பார்த்துவிட்டுத் தூக்குங்கள். மற்றவர் துணி விரித்த கூடையில் முட்டைகளை எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் முதலில் முட்டைகளை வைத்து, பக்கத்தில் கோழியை விட்டால் தானே ஏறி உட்காரும். கால் மணி நேரம் முட்டை ஆறினால் கெட்டுவிடுமோ என்று பதற வேண்டாம். தினம் ஒருமுறை தீனிக்கு எழுந்து போகும்போது அதுவே அவ்வளவு நேரம் விட்டுவிட்டுத்தானே போகிறது!

மறுநாளும் அதற்கு மறுநாளும் பஞ்சாரம் போட்டு மூடி, இருட்டாக வையுங்கள். தீனிக்கு வெளியே விடும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். புது இடத்துக்குத் தானாகத் திரும்பி உட்கார ஆரம்பித்தால் ஜெயம்தான்.

வீட்டுக்கு வராத முதல் இரவிலிருந்து எண்ணினால் 21-ம் நாள் குஞ்சு பொரிக்கும். முட்டைகளைப் பத்துப் பன்னிரண்டு நாளாக ஒவ்வொன்றாக இட்டிருந்தாலும், சூடு பட்ட பிறகே கரு வளரத் தொடங்குவதால் எல்லாம் ஒன்றாகவே பொரிக்கும். 7-ம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், சிலந்திக் கால் போல் சிவப்பு நரம்புகள் தெரிகிறவை கரு கூடியவை. வெறுமையாகத் தெரிவது கூமுட்டை, எடுத்துவிடலாம். ஆனால் கோழியைக் கண்டுபிடிக்கும்போதே 18 நாள் ஆகியிருந்தால் இடம் மாற்றவே கூடாது. அங்கேயே கூடை கவிழ்த்து, மேலே கல் ஏற்றி, மழைக்குத் தகரம் மறைத்து, மேஸ்திரியிடம் மூன்று நாள் தவணை கேளுங்கள்.

'எனக்குக் குஞ்சே வேண்டாம், சேவல் கூவினால் மாடி வீட்டார் சண்டைக்கு வருவார்கள்' என்கிறவர்களும் உண்டு. நியாயம்தான், பொரிப்பதில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும். அவர்கள் முட்டைகளை எடுத்துவிட்டு, அடியில் காற்றோடும் கம்பிக் கூண்டைச் செங்கல் மேல் வைத்து, வெளிச்சமான இடத்தில், தீனியும் தண்ணீரும் கொடுத்துக் கோழியை 3, 4 நாள் வைத்தால் போதும். வயிற்றில் குளிர்ச்சி பட்டால் அடை தெளிந்துவிடும். தண்ணீரில் முக்குவதும் மூக்கில் இறகைச் செருகுவதும் பழைய வழக்கம் என்பார்கள். கொடுமை அது, தயவுசெய்து செய்யாதீர்கள்.

குஞ்சு பொரித்ததும் உடனே தீனி போட அவசரப்பட வேண்டாம். வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கரு ஒரு நாளைக்குத் தாங்கும். தண்ணீர் மட்டும் தட்டையான தட்டில், நாலு கூழாங்கல் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் குஞ்சுகள் அதற்குள்ளேயே விழுந்து மூழ்கிவிடும்.