காவற்காரன் எங்கே?

நமது தேகத்திலுள்ள ஏறக்குறைய எல்லா வகை உயிரணுக்களுக்குள்ளும் உட்கரு என்றோர் அறை உண்டு. பரம்பரைக் குணங்கள் எழுதப்பட்ட டி.என்.ஏ. என்னும் ஏடு பெரும்பாலும் அதற்குள்ளேதான் இருக்கிறது. ஏட்டுக்குச் சேதம் நேர்ந்தால், அந்த உயிரணு மேலும் பெருகாதபடி தடுத்து நிறுத்தும் காவற்காரன் ஒருவன் உண்டு. அவன் பெயர் 'பி53', ஒரு புரோட்டீன். 1979-ல் அதைக் கண்டுபிடித்தார்கள். அது புற்றுநோயைத் தடுப்பது என்னும் உண்மை 1989-ல்தான் தெளிவாயிற்று.

மனிதருக்கு வரும் புற்றுகளில் சுமார் பாதியில் இந்தக் காவற்காரனே பழுதுபட்டிருக்கிறான். ஆனால் விசித்திரத்தைக் கேளுங்கள்! 1992-ல் சில மார்பகப் புற்றுகளைச் சோதித்தபோது, பி53 யாதொரு பழுதுமின்றி இருந்தது. ஆயினும் உட்கருவுக்குள் போகாமல், வெளியே ஸைட்டோபிளாஸத்திலேயே தங்கிவிட்டிருந்தது. காவற்காரன் நல்லவன்தான், பலசாலிதான். ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருப்பவன் உள்ளறைத் திருட்டை எப்படித் தடுப்பான்?

வெளியிலும் பி53-க்குச் சில்லறை வேலைகள் உண்டு. எனினும் அதன் தலையாய உத்தியோகம் உட்கருவில்தான். ஆகவே, இத்தகைய புரோட்டீன் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. திசுவுக்குச் சாயம் ஏற்றி, அது எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். உயிரணுவின் ராஜ்யத்திலும், ஆள் இருப்பது வேறு, ஆள் தன் இடத்தில் இருப்பது வேறு.