மூணு மலை, மூணு மானிட்டர்

கேம் ஆட மூணு மானிட்டர் வேணுமா, ஒண்ணு போதுமா? என் ஓட்டு மூணுக்குத்தான். ஆனா கார், விமானம் ஓட்டுற கேமுக்கு மட்டும்.

போன மாசம் ஊருக்குப் போனப்போ மூச்சு வாங்க செஞ்சிக்கோட்டை ராஜகிரி ஏறினேன். நேரா பார்த்தது கீழே இருக்குற கல்யாண மகாலை. ஆனா இடப்பக்கம் கிருஷ்ணகிரியும் வலப்பக்கம் சந்திரகிரியும் ஓரக்கண்ணுல இருந்துக்கிட்டே இருந்தது. 'நாம இங்கதான் நிக்கிறோம்'ங்கற உணர்வே அதுலதான் வருது. ஒத்தை மானிட்டர்ல பார்க்குறது ஜன்னல் வழியா பார்க்குற மாதிரி. பக்கத்து ரெண்டும் ஓரக்கண்ணுக்குத் தீனி!

2009-ல ஏடிஐ ஐஃபினிட்டி வந்தப்புறம் ஒரே கிராஃபிக்ஸ் கார்டுல மூணை இணைக்கிறது சுலபமாச்சு. பர்ஸ் பழுக்கிறது அங்கதான். 1920x1080 மூணு சேர்ந்தா 5760x1080. கார்டுக்கு மூணு மடங்கு வேலை. பழைய கார்டா இருந்தா ஸ்லைடு ஷோதான் :-)

ஐரேசிங் மாதிரி கேம்கள் ஒவ்வொரு மானிட்டருக்கும் கோணம் பார்த்துத் தனித்தனியா வரையும். மத்த பல கேம்கள் எல்லாத்தையும் ஒரே தட்டைப் படமா வரையறதால ஓரத்துல நிக்கிற ஆளு பூசணிக்காயா வீங்கித் தெரிவான். நடுவுல ரெண்டு கறுப்புச் சட்டம் வேற. காருல அது கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண் மாதிரி பழகிடுது. சுடுற கேம்ல எரிச்சல்தான் மிச்சம்.

இன்க்ரிமென்ட் வந்த ஜோர்ல ரெண்டு மானிட்டர் வாங்கி, சுடுற கேம் மட்டுமே ஆடின புத்திசாலி நான்தான். ஒண்ணை இப்போ தங்கச்சி படிக்க எடுத்துக்கிட்டா. இன்னொண்ணுல ஆபீஸ் ஆணி புடுங்குறேன்.