ஓய்ந்தபின் உறையும் ஊர்

மூப்பு வாராதிருக்க வரம் பெற்றார் இவ்வுலகில் எவரும் இலர். ஆயினும், மூப்பு வந்தபின் எவ்விடத்தில் வாழ்வது என்பதை அது வருமுன்னரே எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. பெண்ணுக்கு வரன் தேட ஓராண்டு அலைகின்றோம்; பிள்ளையைச் சேர்ப்பதற்குக் கலாசாலை தேடி ஊரூராய் விசாரிக்கின்றோம்; மூன்று சென்டு மனை வாங்குவதற்கும் பட்டா, வில்லங்கம், மூலப்பத்திரம் யாவும் பார்க்கின்றோம். வாழ்நாளின் இறுதி இருபதாண்டுகளை எங்கே கழிப்பது என்னும் வினாவுக்கு மாத்திரம், 'அந்தக் காலம் வரும்போது பார்த்துக்கொள்வோம்' என்று விடை கூறிவிடுகின்றோம். அந்தக் காலம் வரும்போதோ, பார்க்கும் கண் மங்கிவிடுகின்றது; நடக்கும் கால் தளர்ந்துவிடுகின்றது; தீர்மானிக்கும் உரிமையும் பிறர் கைக்குப் போய்விடுகின்றது.

இதனைப் பிறர்க்கு உபதேசமாக மாத்திரம் நாம் எழுதவில்லை. வருகின்ற மே மாதத்தில் நாமும் இக்கலாசாலைப் பணியினின்றும் விடை பெறவிருக்கின்றோம். நம் மாநிலத்தில் 58ஆக இருந்த ஓய்வு வயது 2020ஆம் ஆண்டில் 59ஆகவும், 2021ஆம் ஆண்டில் 60ஆகவும் உயர்த்தப்பட்டது. அதனால் நமக்கு ஈராண்டு அவகாசம் கிடைத்தது. அவ்வவகாசத்தையும் எண்ணாமலே கழித்தோம் என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். எண்ணும்படி நம்மைத் தூண்டியது ஒரு துக்கச் செய்தியாகும்.

நாம் 'அண்ணாச்சி' என்று அழைத்துவந்த முதிய நண்பர் ஒருவர் இருந்தார். முப்பதாண்டுகள் இந்நகரில் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். பணிக்கொடையாக வந்த தொகை முழுவதையும் செலவிட்டுத் தேரிக்காட்டோரமுள்ள தம் பிறந்த ஊரில் தந்தையார் வீட்டைப் புதுப்பித்து, மாடியும் எடுத்துக் குடியேறினார். முதலாண்டில் அவர் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை. காலையில் தோட்டம், மாலையில் திண்ணை, இரவில் பனங்காற்று. இரண்டாம் ஆண்டில் ஒருநாள் நள்ளிரவு அவருக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்து வாய் கோணியது. வாடகைக் கார் கிடைத்துப் பாளையங்கோட்டை வந்து சேர்வதற்குள் பொழுது புலர்ந்துவிட்டது. மூளையின் இரத்தக் குழாயில் அடைப்பு நேர்ந்தால் அதனைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தவேண்டும் என்பர் வைத்தியர். அந்நேரம் வழியிலேயே கழிந்துபோயிற்று. எட்டு மாதம் படுக்கையிலிருந்து அண்ணாச்சி காலமானார்.

கதை அத்துடன் முடியவில்லை. மதினியாருக்கு அவ்வூரில் இரத்த உறவினர் ஒருவரும் இல்லை. பெரிய வீட்டில் தனித்திருக்க அஞ்சினார். வீட்டை விற்கலாமென்றால் அவ்வூரில் அவ்விலை கொடுப்பாரில்லை. இன்று அவர் சென்னையில் தம் மைந்தன் வீட்டில், ஒன்பதாவது மாடியில் இருக்கின்றார். மகனும் மருமகளும் நல்லவர்களே. காலையில் சென்று இரவில் திரும்பும் உத்தியோகஸ்தர்கள். சென்ற ஆண்டு நாம் காணச் சென்றபோது அவர் கூறிய சொல் இன்னும் நம் செவியில் ஒலிக்கின்றது: "கீழே இறங்க லிப்டு இருக்கிறது, தம்பி, இறங்கிப் போவதற்குத்தான் ஒரு வீடும் இல்லை."

இது ஒரு குடும்பத்தின் கதையன்று. 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அறுபது வயதும் அதற்கு மேலும் உடையோர் இந்தியாவில் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டில் 10.4 பேர். அக்கணக்கெடுத்த பின்னர் நம் மாநிலத்தில் பிறப்பு குறைந்தும் ஆயுள் நீண்டும் வருதலால் முதியோர் பங்கு பெருகியே வருகின்றது. பிள்ளைகளோ பெங்களூரிலும், சிங்கப்பூரிலும், அமெரிக்காவிலும் இருக்கின்றனர். ஆகவே, 'எங்கே வாழ்வது?' என்னும் வினா இனி ஒவ்வோர் இல்லத்தின் வாயிலிலும் வந்து நிற்கும்.

ஓய்வு பெற்றோர் பொதுவாக நாடும் இடங்கள் நான்கு. முதலாவது, பிறந்த ஊர். அதன் இனிமையை நாம் மறுப்பவரல்லோம். செலவு குறைவு, காற்று நல்லது. அரசாங்கம் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தால் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்துகள் கிராமத்து வீடுகளுக்கே கொண்டு சேர்க்கப்பட்டன. ஆனால், நாம் நினைவிற் சுமந்து செல்லும் ஊர் நாற்பதாண்டுகளுக்கு முந்திய ஊர் என்பதை மறந்துவிடுகின்றோம். உடன் விளையாடிய தோழர் பிழைப்புத் தேடிச் சென்றுவிட்டனர். திண்ணை இருக்கின்றது, திண்ணையில் இருப்பார் இலர்.

இரண்டாவது, பிள்ளைகள் வீடு. உள்ளூரிலிருக்கும் பிள்ளையோடு மனமொத்து வாழக் கிடைத்தவர் பாக்கியவான்களே. கடல் கடந்த பிள்ளையிடம் செல்வோர் நிலை வேறு. அமெரிக்காவுக்குச் சுற்றுலா அனுமதியில் செல்வோர்க்கு ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஆறுமாதத் தங்கலே கிட்டும். அங்கே ஆறு மாதம், இங்கே ஆறு மாதம் என்று எழுபது வயதில் பெட்டி கட்டி அலைவது வாழ்வாகுமா? இரண்டு இடத்திலும் விருந்தாளியாய், ஓரிடத்திலும் வீட்டாராய் இல்லாத நிலை அது.

மூன்றாவது, மலைவாசம். 1845ஆம் ஆண்டில் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிமார் கொடைக்கானலில் முதன்முதல் வீடுகள் கட்டிக்கொண்டது வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்புதற்பொருட்டு. அக்காலத்துக்கு அது விவேகமே. இன்று கடல் மட்டத்துக்கு ஏழாயிரம் அடி உயரத்தில், குளிர் மூட்டுகளை வருத்த, பெரிய வைத்தியத்துக்கு மலைப்பாதையில் இறங்கவேண்டிய ஊரில் முதுமையைக் கழிப்பது அழகைக் கண்டு மயங்குவதேயாகும். கண்ணுக்கினிய இடத்தில் ஒரு மாதம் தங்கலாம். காலுக்கினிய இடத்திலேயே முதுமையைக் கழிக்கவேண்டும்.

நான்காவது, முதியோர்க்கென்றே அமைந்த குடியிருப்பு. கோயம்புத்தூரைச் சுற்றிலும் இத்தகையன பல எழுந்துள்ளன. சமையல், காவல், அழைத்தவுடன் வரும் செவிலியர் என்னும் வசதிகள் அங்கே உண்டு. இவற்றை 'அநாதை விடுதி' என்று இகழும் பழைய வழக்கம் நமக்கு உடன்பாடன்று. தன் பணத்தில், தன் விருப்பத்தில், ஒத்த வயதினரோடு வாழ்வது இழிவாகாது. ஆயினும் விளம்பரத்தைக் கண்டு கையொப்பமிடலாகாது. வீடு சொந்தமாகின்றதா, ஆயுள் காலத்துக்கு மாத்திரமா? விட்டு வெளியேறினால் முன்பணம் எவ்வளவு திரும்பும்? மாதக் கட்டணம் ஆண்டுதோறும் எவ்வளவு உயரும்? படுக்கையில் விழுந்தால் அங்கேயே வைத்துக் காப்பார்களா, மகனைக் கூப்பிட்டு அனுப்புவார்களா? இத்தகைய குடியிருப்புக்களுக்காக மத்திய அரசாங்கம் 2019இல் மாதிரி விதிகளை வெளியிட்டது. அவற்றை ஒருமுறை வாசித்து, இவ்வினாக்களை எழுத்தில் கேட்டு எழுத்தில் விடை பெறுதல் நலம்.

இந்நான்கினுள் எது சிறந்தது என்று பொதுவில் ஒரு விதி கூறவொண்ணாது. ஆனால் எவ்விடத்தைத் தெரிந்தாலும் உரைத்துப் பார்க்கவேண்டிய உரைகல் ஒன்று உண்டு என்பது நம் துணிபு. அஃது யாதெனில், 'இருவரும் சேர்ந்து வாழ இவ்விடம் ஏற்றதா?' என்று கேளாமல், 'ஒருவர் மறைந்தபின் எஞ்சிய ஒருவர் தனித்து வாழ இவ்விடம் ஏற்றதா?' என்று கேட்பதாம். நம் நாட்டில் மனைவி கணவனினும் இளையவள். பெண்டிரின் ஆயுளும் ஆடவர் ஆயுளினும் சிறிது நீண்டது. ஆகவே எஞ்சி நிற்பவள் பெரும்பாலும் மனைவியே. அவ்வாறிருக்க, இவ்விஷயத்தில் தீர்மானம் செய்பவனோ பெரும்பாலும் கணவனே. அண்ணாச்சியின் பிழை ஊருக்குச் சென்றதன்று. மதினியாரைக் கேளாமற் சென்றதே.

இவ்வுரைகல்லைக் கையிற் கொண்டால் மற்றவை தாமே விளங்கும். நடந்து செல்லும் தூரத்தில் காய்கறிக் கடையும் மருந்துக் கடையும் வேண்டும். அரைமணி நேரத்தில் அடையத்தக்க பெரிய வைத்தியசாலை வேண்டும். வீடு தரைத்தளத்தில் இருக்கவேண்டும். குளிக்கும் அறையில் வழுக்காத தரையும் பற்றிக்கொள்ளக் கம்பியும் வேண்டும். சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவு வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து படுத்தோர் பலரும் விழுந்த இடம் மலையுச்சியன்று. தம் வீட்டுக் குளியலறையே. இவை யாவற்றினும் மேலாக, கதவைத் தட்டி, 'இன்று ஏன் வெளியே காணோம்?' என்று கேட்கும் அயலார் இருவரேனும் வேண்டும்.

இவ்வுண்மையைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர். 'ஆண்டு பலவாகியும் உமக்கு நரை இல்லாமை எவ்வாறு?' என்று வினவியவர்களுக்குப் பிசிராந்தையார் கூறிய விடை புறநானூற்றில் 191ஆம் பாட்டாக நிற்கின்றது. மனைவி மக்கள், ஏவலர், அரசன் ஆகியோரின் நலங்களைச் சொல்லியபின், தாம் வாழும் ஊரில் சான்றோர் பலர் இருப்பதனையே அவர் முடிவாக வைத்தார். ஊரின் தண்ணீரையோ, தோட்டத்தையோ அவர் சொல்லவில்லை. ஊரென்பது மண்ணன்று, மாந்தரே என்பது அதன் கருத்து.

வீட்டைப் பற்றிய ஓர் எச்சரிக்கையும் இங்கே வேண்டும். 'எல்லாம் பிள்ளைக்குத்தானே' என்று உயிரோடிருக்கும்போதே செட்டில்மெண்டு பத்திரம் எழுதிவிட்டுப் பின்னர்க் கலங்குவோர் பலர். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, தம்மைப் பராமரிக்கவேண்டும் என்னும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, அந்நிபந்தனை மீறப்பட்டால் மீட்டுக்கொள்ள வழி செய்கின்றது. ஆதலின், எழுதியே தீரவேண்டுமாயின் அந்நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதுக. எழுதாமலிருந்து உயிலோடு நிறுத்திக்கொள்வது அதனினும் நன்று. இது பிள்ளைகள்மேல் ஐயமன்று. அவர்களைச் சோதனைக்கு உட்படுத்தாத அன்பு.

இனி நம் தீர்மானத்தைச் சொல்லுவோம். நாமும் பிறந்த ஊருக்கே செல்வதாக எண்ணியிருந்தோம். அண்ணாச்சியின் மறைவுக்குப்பின் ஒருநாள் மாலை நம் இல்லாளை முதன்முறையாகக் கேட்டோம். முப்பத்திரண்டு ஆண்டு கேளாதவர் இன்று கேட்கின்றாரே என்று சிறிது வியந்து, பின்னர் அவர் கூறினார்: "நீங்கள் உங்கள் ஊருக்குப் போகிறீர்கள்; நான் எந்த ஊருக்குப் போகிறேன்?" அவருக்கு அவ்வூர், மணமாகி வந்து மூன்று மாதம் இருந்த மாமனார் ஊர்; அவ்வளவே. அவருடைய ஊர், பிள்ளைகளை வளர்த்து, அயலாரோடு உப்பும் புளியும் கடன் வாங்கிக் கொடுத்துப் பழகிய இப்பாளையங்கோட்டையே. நமக்கு வாதாட விடையில்லை.

ஆகவே கலாசாலை வீட்டைக் காலி செய்து, அரைக்கல் தொலைவில் தரைத்தளத்திலுள்ள ஒரு சிறு வீட்டை வாடகைக்கு அமர்த்தியிருக்கின்றோம். ஊரிலுள்ள பங்கு வீட்டில் தம்பி குடும்பம் இருக்கும். பதநீர்க் காலத்தில் ஒரு மாதம் நாம் அங்கே விருந்தாளியாகச் செல்வோம். இத்தீர்மானத்தில் நமக்குச் சிறிது வருத்தமும் உண்டு, அதனை மறைக்கவில்லை. தந்தையார் நட்ட வேம்பின் நிழலில் நாற்காலியிட்டு அமரும் கனவு முப்பதாண்டுக் கனவு. ஆயினும் ஒருவர் கனவுக்காக மற்றவர் தனிமையை விலையாகக் கொடுத்தல் நீதியன்று.

முடிவாக, நம் கலாசாலைக்கும் மாணவர்க்கும் ஒரு விண்ணப்பம். ஓய்வு பெற்ற ஆசிரியர்க்கும், அவர்தம் விதவையர்க்கும் நூல்நிலையத்தின் கதவு திறந்திருக்கட்டும். பழைய மாணவர் சங்கம், இந்நகரில் தங்கியுள்ள முதியோரின் பட்டியலொன்று வைத்து, வாரத்துக்கு ஒருமுறை ஒரு மாணவரேனும் சென்று பார்க்கும்படி ஏற்பாடு செய்யட்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு மாலைப்பொழுது போதும். மாணவ நண்பர்களே, இவ்விடுமுறையில் வீட்டுக்குச் செல்லும்போது உங்கள் தந்தையாரை மாத்திரமன்று, தாயாரையும் தனியே கேளுங்கள்: 'அம்மா, உங்களுக்கு எந்த ஊர் பிடிக்கும்?' அவ்வினாவை எவரும் அவரை இதுவரை கேட்டிருக்கமாட்டார்கள். விடையைக் கேட்டபின், அதனை நிறைவேற்ற உங்களுக்கு இன்னும் காலம் இருக்கின்றது.