சாம்பிள் பீஸைப் பார்த்துக் கடையாதீர்கள்

துருவேறிய ஒரு குழாய்த் துண்டை மேசைமேல் வைத்து, "இதே மாதிரி நாலு போட்டுக் கொடுங்க" என்பார் வண்டிக்காரர். நாமும் வெர்னியரை வைத்து நீளம், உள்விட்டம், வெளிவிட்டம் மூன்றையும் பார்த்துவிட்டு, கையிலிருக்கும் ராடைச் சக்கில் மாட்டிவிடுவோம். எத்தனையோ வேலைகளுக்கு இது போதும். பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷன் புஷ் ஸ்லீவுக்குப் போதாது. பல ஆண்டு ஓடித் தேய்ந்து, உப்புக்காற்றில் அரித்துப்போன துண்டு அது. இன்றைக்கு என்ன அளவில் மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான் அது சொல்லும். என்ன அளவில் பிறந்தது என்று சொல்லாது.

நாவலூர், தாழம்பூர், கேளம்பாக்கம் பக்கத்துக் கடைசல் பட்டறைகளுக்கு இந்த வேலை அந்நியமானதல்ல. கேளம்பாக்கத்துச் சாலை போய்ச் சேரும் வண்டலூர்ப் பக்கத்தில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் தொழிற்சாலை இருந்தது. 1961இல் அந்த நிறுவனம் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான். அந்த ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் 1962இல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. முன்பக்க சஸ்பென்ஷன் இரண்டுக்கும் ஒரே அமைப்பு. ஆகவே, நம்மூர் ஹெரால்டில் கை பழகியவருக்கு ஸ்பிட்ஃபயர் புதிதாகத் தெரியாது. சோழவரம் ஓடுதளத்தில் ஹெரால்டுகள் பந்தயம் ஓடியதைப் பார்த்த தலைமுறைக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இந்த அமைப்பில் தலைவலி தருவது கீழ் விஷ்போனும் ட்ரன்னியனும் சேரும் இடம். ட்ரன்னியனுக்குள் நைலான் புஷ்கள், அவற்றுக்குள் ஒரு எஃகு ஸ்லீவ், அதற்குள் போல்ட். போல்ட்டை இறுக்கும்போது விஷ்போனின் இரண்டு கைகளும் ஸ்லீவின் இரு முகங்களையும் கவ்விப் பிடிக்க வேண்டும். ஸ்லீவ் அசையாமல் நிற்க, நைலான் அதன்மேல் திரும்ப வேண்டும். ஸ்லீவ் சற்றுக் குட்டையானால் கைகள் நைலானையும் வாஷரையும் நெரிக்கும். இணைப்பு இறுகும், கடைசியில் ஸ்லீவ் போல்ட்டின்மேல் சுழல ஆரம்பித்துப் போல்ட்டைத் தின்னும். நீளம் அதிகமானால் சக்கரம் முன்னும் பின்னும் ஆடும்.

அளவை எங்கிருந்து எடுப்பது? புது நைலான் புஷ்களையும் வாஷர்களையும் ட்ரன்னியனில் பொருத்தி, மொத்த நீளத்தை மைக்ரோமீட்டரில் பாருங்கள். அதைவிட 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் கூடுதலாக ஸ்லீவ் இருக்கட்டும் என்பது நம் கணக்கு. இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாகவும், துளைக்குச் செங்குத்தாகவும் இருப்பது நீளத்தைவிட முக்கியம். அறுத்த முகத்தை அரத்தால் தேய்த்துக் கொடுப்பது இங்கே ஆகாது. சாய்ந்த முகத்தை இறுக்கினால் போல்ட் வளையும்.

துளையில்தான் பலர் சறுக்குகிறார்கள். இந்த வண்டிகள் அங்குல அளவுக் காலத்தவை. 3/8 அங்குல போல்ட் 9.525 மில்லிமீட்டர். 10 மில்லிமீட்டர் ரீமர் கையில் இருக்கிறதே என்று அதை ஓட்டினால் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் ஆட்டம் கிடைக்கும். பிரேக் போடும்போது 'டக்'கென்று கேட்கும். அதைவிடக் கொடுமை, எம்10 போல்ட் நுழையட்டும் என்று விஷ்போன் ஓட்டையையே பெரிதாக்குவது. ஸ்லீவ் போனால் வேறு கடையலாம், விஷ்போனுக்கு எங்கே போவது? அங்குல ரீமர் ஒன்று வாங்கி வையுங்கள்.

பொருளைப் பற்றி ஒரு சொல். கோவளம், முட்டுக்காடு காற்றில் ஓடும் வண்டி என்பதால் பலரும் ஸ்டெயின்லெஸ் கேட்கிறார்கள். ஸ்லீவ் துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் ஈரமும் உப்பும் சேர்ந்தால் அதனுள் இருக்கும் சாதாரண எஃகு போல்ட்தான் முதலில் அரிக்கும். இஎன்8 எஃகில் கடைந்து, துத்தநாக முலாம் பூசி, துளை நிறைய கிரீஸ் அடைத்துக் கொடுப்பதே மேல். முலாம் 8 மைக்ரான் ஏறினால் வெளிவிட்டம் 16 மைக்ரான் கூடும்; அதைக் கழித்துக்கொண்டு கடையுங்கள். நீண்ட துளையின் நடுவில் முலாம் சரியாக ஏறாது என்பதால்தான் கிரீஸை வலியுறுத்துகிறோம். புஷ்ஷையும் நீங்களே கடைவதானால், நைலான் தண்ணீர் குடித்துப் பெருக்கும் என்பது நினைவிருக்கட்டும். மழைக்காலம் முடிந்தபின் சஸ்பென்ஷன் இறுகிவிட்டது என்று வண்டி திரும்பி வந்தால் காரணம் அதுவாக இருக்கலாம். அசிட்டால் உறிஞ்சுவது மிகக் குறைவு.

விஷ்போன் சேஸிஸோடு சேரும் ரப்பர் புஷ் வேறு சாதி. அங்கே ஸ்லீவின்மேல் எதுவும் சுழலாது, ரப்பர்தான் முறுக்கிக்கொள்ளும். அதனால் சக்கரம் தரையில் ஊன்றி, வண்டி தன் பாரத்தில் நிற்கும்போது மட்டுமே கடைசி இறுக்கம். ஜாக்கியில் தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பொருத்துகிற மெக்கானிக்கிடம் இதைச் சொல்லி அனுப்புவதும் கடைசல்காரர் வேலைதான் என்று கருதுகிறோம்.

ஒவ்வொரு ஸ்லீவுக்கும் ஒரு தாளில் வரைபடம் போடுங்கள்: வண்டி, ஆண்டு, மூன்று அளவுகள், விட்ட இடைவெளி, உலோகம், முலாம். அதில் ஒரு நகலை வண்டிக்காரருக்கும் இன்னொன்றை இந்த இதழுக்கும் அனுப்புங்கள். பட்டறைப் பெயரோடு வெளியிடுகிறோம்.