ஐந்து பெண்களின் விளம்பரம்

தீர்மானங்களையும் அறிக்கைகளையும் மொழிபெயர்த்தே பழகிய கைக்குச் சென்ற தீபாவளியை ஒட்டிப் புதுவிதமான பணியொன்று வந்து சேர்ந்தது. வீடுகளைத் துப்புரவு செய்து தரும் சிறு குழுவொன்றுக்கு, வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் இடுவதற்கான விளம்பரத்தை எழுதித் தரவேண்டும். தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று. கேட்டவர்கள் ஐந்து பெண்கள். தில்லி ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் இருந்த மதராசி கேம்ப்பில் வாழ்ந்தவர்கள். எழுதிக் கொடுத்தேன். அதற்காகத் தோழர் ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். "சுயதொழில் மாயைக்கு நாமே விளம்பரம் எழுதுவதா?" என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானது. ஆனால் அதற்குள் ஒளிந்திருக்கும் முடிவு தவறானது என்று நான் கருதுகிறேன்.

2025 ஜூன் 1 அன்று மதராசி கேம்ப் இடிக்கப்பட்டதை நம் வாசகர்கள் அறிவார்கள். இடிக்கப்பட்ட குடிசைகள் சுமார் 370. மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என ஏற்கப்பட்டவை 189 குடும்பங்கள் மட்டுமே. அந்த வீடுகளும் நகரத்தின் வடகோடியில், நரேலாவில். வடிகாலைச் சீரமைத்து வெள்ளத்தைத் தடுக்க வேண்டும் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. அதைப் பற்றி வாதிடும் இடம் இதுவன்று. இங்கு நமக்கு வேண்டிய செய்தி வேறு: அந்தக் குடியிருப்பின் பெண்களில் பெரும்பாலோர் ஜங்புராவிலும் சுற்றுப்புறக் காலனிகளிலும் வீட்டு வேலை செய்து பிழைத்தவர்கள். வீட்டு வேலை என்பது நடந்து செல்லும் தொலைவைச் சார்ந்த தொழில். காலை ஏழு மணிக்கு ஒரு வீடு, ஒன்பதுக்கு இன்னொன்று, மாலையில் மீண்டும் பாத்திரம். இடையில் தன் வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு போட வேண்டும். நரேலாவிலிருந்து ஜங்புராவுக்குப் பேருந்து மாறி வர இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகிறது. தில்லியில் 2019 முதல் பெண்களுக்குப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் நேரத்தை எந்த அரசும் இலவசமாகத் தருவதில்லை. ஒரே ஆணையில் வீடும் போயிற்று, நான்கைந்து வீட்டு வேலையும் போயிற்று. சட்டத்தின் கண்ணுக்கு வீடு மட்டுமே தெரிந்தது.

அந்த ஐவரும் கண்ட வழி எளிமையானது. நாள்தோறும் மூன்று முறை வந்து போவது இயலாது. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு முறை வந்து, ஐந்து பேராகச் சேர்ந்து ஒரு வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்துவிட்டுத் திரும்ப முடியும். தீபாவளிக்கு முன் வட இந்தியக் குடும்பங்கள் வீடு முழுவதையும் கழுவித் துடைக்கும் வழக்கம் இதற்குத் துணை நின்றது. சமையலறைப் புகைபோக்கி, மின்விசிறி, குளியலறை ஓடு, பரண் என்று இவர்கள் தனித்தனியாகப் பல்லாண்டுகள் செய்துவந்த வேலைதான். புதியது ஒன்றே ஒன்று: முன்பு அவர்களைத் தெருவுக்கே தெரியும், இப்போது அவர்கள் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்கள். தொலைவில் இருப்பவர் தம்மைத் தெரிவித்துக்கொள்ள விளம்பரம் தேவைப்படுகிறது. தோழரின் கேள்விக்கு முதல் விடை இதுவே. இது தொழில்முனைவோர் ஆகும் கனவன்று. இடித்துத் தள்ளப்பட்டவர்கள் பழைய தெருவுக்குத் திரும்பி வரக் கண்ட வழி.

எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. சொற்கள் எவையும் வெறும் சொற்களாக இல்லை. 'வேலைக்காரி' என்பதை நாம் கைவிட்டு நெடுநாளாயிற்று. 'பணிப்பெண்' என்பது அதன் பட்டாடை. 'துப்புரவு' என்ற சொல்லோ விந்தையானது. பழந்தமிழில் அது நுகர்பொருளையும் வாழ்க்கை வசதியையும் குறித்தது. குறளில் அப்படித்தான் வருகிறது. இன்று அந்த வசதியைப் பிறருக்கு உண்டாக்கித் தந்து, தாம் நுகராதவர்களின் தொழிற்பெயராகிவிட்டது. தொல்காப்பியர் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தினார் என்று வகுப்பில் படித்தபோது அது ஓர் இலக்கண விதியாகத் தோன்றியது. பின்னாளில்தான் அதனுள் வர்க்கம் தெரிந்தது. தமிழ்நாட்டில் 'துப்புரவுப் பணியாளர்' என்பது அரசாணையில் 'தூய்மைப் பணியாளர்' ஆனது. அந்தப் பெயர் மாற்றத்தைக் குறை கூறவில்லை. ஆனால் அதே தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்டில் தனியார்மயத்தை எதிர்த்துச் சென்னை ரிப்பன் மாளிகையின் முன் அமர்ந்து, நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டதையும் பார்த்தோம்.

முடிவில் விளம்பரத்தின் முதல் வரியில் எந்தப் பெயர்ச்சொல்லும் இல்லை. "நாங்கள் ஐவர் சேர்ந்து உங்கள் வீட்டைச் சுத்தம் செய்து தருகிறோம்" என்று தொடங்கினோம். 'எங்கள் பணியாளர்கள்' என்று எழுதுவதே இத்துறையின் வழக்கம். அங்கே பேசுபவர் உரிமையாளர், வேலை செய்பவர் வேறொருவர். தன்மைப் பன்மையில் தொடங்கியதால் அந்தப் பிளவு தானாகவே நீங்கிற்று. இதைக் கண்டுபிடித்தது நானல்ல. "நாங்கதானே செய்றோம், அப்புறம் எதுக்குக்கா பணியாளர்னு வேற யாரையோ சொல்ற மாதிரி?" என்று அவர்களுள் மூத்தவர் கேட்டார்.

மற்றொரு வரியில் நான் தோற்றேன். 'காவல்துறையால் சரிபார்க்கப்பட்டவர்கள்' என்பதைச் சேர்க்கச் சொன்னார்கள். உழைப்பவரைத் திருடராகவே முன்கூட்டிக் கருதும் சொற்றொடர் அது, எழுத மறுத்தேன். அதில்லாமல் எந்த வாசலும் திறக்காது என்றார்கள். நெடுநேர வாதத்துக்குப் பின் ஒருவர் சொன்ன தீர்வு: "எங்க ஆதார் நகலை அனுப்பறோம், நீங்களும் உங்க பேரு, முகவரி, வீட்டுல யார் யார் இருப்பாங்கன்னு முன்னாடியே எழுதி அனுப்புங்க." முன்பின் அறியாத வீட்டுக்குள் செல்லும் பெண்ணுக்கும் அச்சம் உண்டு என்பதை எந்த விளம்பரமும் இதுவரை சொன்னதாக நான் அறியேன். அந்த வரி அப்படியே இடம்பெற்றது. இரண்டு வாடிக்கையாளர்கள் அதைக் கண்டு பின்வாங்கினார்கள். பின்வாங்கியதே நல்லது என்று ஐவரும் கருதினார்கள்.

சமூக ஊடகம் பற்றி இங்கே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். 'முன்', 'பின்' என இரண்டு படங்கள், ஒரு குறுங்காணொளி, கைப்பேசி எண். இவற்றை இட்டுவிட்டால் உலகம் தேடி வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. பதிவைப் பரவலாகக் காட்டப் பணம் கட்டும் வசதி இன்ஸ்டாகிராமில் உண்டு. ஐந்நூறு ரூபாய் கட்டினார்கள். அது ஒருத்தியின் ஒரு நாள் வருவாய்க்குச் சமம். ஆயிரக்கணக்கானோர் பார்த்ததாகத் திரை காட்டிற்று. வந்த அழைப்புகள் மூன்று; மூன்றும் தில்லிக்கு வெளியிலிருந்து. நிலத்துக்கு வாடகை வாங்கும் பண்ணையாரைப் போல, மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதற்கும் வாடகை வாங்கும் நிறுவனங்கள் இவை. வேலை வந்தது வேறு வழியில். பழைய வீட்டு அம்மாள் ஒருவர் அந்தப் பதிவைத் தம் காலனியின் வாட்ஸ்அப் குழுவில் இட்டு, "இவர்களை எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தெரியும்" என்று ஒரு வரி சேர்த்தார். மறுவாரம் நான்கு வீடுகள். பணம் கொடுத்து வாங்கிய ஆயிரம் பார்வைகளைவிடப் பன்னிரண்டு ஆண்டு உழைப்பின் சாட்சி வலிமையாக இருந்தது. சிறு குழு நடத்தும் தோழர்கள் எவரேனும் இதைப் படித்தால், முதற்பணத்தை விளம்பரத்தில் போட வேண்டாம், பழைய வீடுகளிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் அறிவுரை.

ஆனால் இவர்கள் எதிர்கொள்ளும் போட்டி சிறியதன்று. அர்பன் கம்பெனி 2025 மார்ச்சில் மும்பையில் பதினைந்து நிமிடத்தில் வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் சேவையைத் தொடங்கியது. முதலில் அதற்கு இட்ட பெயர் 'இன்ஸ்டா மெய்ட்ஸ்'. கண்டனம் எழுந்ததும் பெயரை 'இன்ஸ்டா ஹெல்ப்' என்று மாற்றிக்கொண்டார்கள். அறிமுக விலை மணிக்கு 49 ரூபாய். வேலை செய்பவருக்கு மணிக்கு 150 முதல் 180 ரூபாய் வரை கிடைக்கும் என்றும் அந்நிறுவனம் கூறியது. இரண்டையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். இடைவெளியை முதலீட்டாளரின் பணம் நிரப்புகிறது, எதற்காக? சந்தை தம் கைக்குள் வரும்வரை. அதே ஆண்டு செப்டம்பரில் அந்நிறுவனம் 1,900 கோடி ரூபாய்க்குப் பங்குகளை வெளியிட்டபோது, நூறு மடங்குக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்தன.

இந்நிறுவனங்கள் தொழிலாளியைத் தொழிலாளி என்று அழைப்பதில்லை; 'பார்ட்னர்' என்கின்றன. இதைத் தமிழில் எப்படிப் பெயர்ப்பது? 'பங்காளி' என்றால் நம் ஊரில் சொத்தில் பங்குள்ளவன். பங்காளிகள் வழக்காடுவது நமக்குப் புதிதன்று. ஆனால் அங்கே வழக்கு, பங்கு இருப்பதால் எழுகிறது. 2021 அக்டோபரிலும் டிசம்பரிலும் குருகிராமில் இந்நிறுவனத்தின் அழகுக்கலைப் பெண் தொழிலாளர்கள் போராடினார்கள். டிசம்பரில் நிறுவனம் தன் 'பார்ட்னர்கள்' மீதே வழக்குத் தொடுத்துப் போராட்டத்துக்குத் தடை கோரியது. பங்கு இல்லாமலேயே வழக்கு வாங்கிய பங்காளிகள் அவர்கள். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அது இத்தகையோரை மரபான முதலாளி – தொழிலாளி உறவுக்கு வெளியே நிற்பவர்கள் என்றே வரையறுக்கிறது. இத்தகைய நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு நல நிதிக்குத் தர வேண்டும். அதுவும் தொழிலாளர்களுக்கு அளிக்கும் தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. குறைந்தபட்சக் கூலி பற்றி அங்கே பேச்சில்லை. நம் ஐவருக்கோ அந்தச் சிறு நிதியும் இல்லை. அவர்களுக்கு மேல் நிறுவனமே இல்லையே! வீட்டுத் தொழிலாளர்களுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் நிறைவேறியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. ஏற்புறுதி மட்டும் இன்றுவரை செய்யவில்லை.

தோழரின் கேள்விக்கு வருகிறேன். இந்தக் குழு விடுதலையன்று, ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் தம்மையே சுரண்டிக்கொள்ளும் ஆபத்து மெய்யானது. இரண்டு அறை வீட்டுக்கு மூவாயிரம் ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். சோப்பு, ஆசிட், பிரஷ் முதலியவற்றுக்கு நானூற்றைம்பது போக, ஆளுக்கு ஐந்நூற்றுப் பத்து. ஒரு மாதத்துக்குள் நரேலாவிலிருந்தே இன்னொரு குழு இரண்டாயிரத்து இருநூறு என்று விளம்பரம் இட்டது. அந்தக் கணக்கில் ஆளுக்கு முந்நூற்றைம்பதுதான் தேறும். நம் ஐவரும் விலையைக் குறைக்க நினைத்தார்கள். அந்த இடத்தில்தான் விளம்பரத்தின் எல்லை தெரிந்தது; விளம்பரம் ஏழைகளை ஏழைகளோடு மோதவிடும். அங்கே தேவைப்பட்டது மொழிபெயர்ப்பாளர் அல்லர், சங்கம். மாதர் அமைப்புத் தோழர் ஒருவர் சென்று இரு குழுக்களையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். மூன்று மாலைகள் ஆயின. இரண்டாயிரத்து எண்ணூறுக்குக் கீழே இரு குழுக்களும் செல்வதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தோழர் அங்கு நுழைய முடிந்ததற்குக் காரணம், விளம்பரம் எழுதிக் கொடுத்த அறிமுகம்தான். கடிந்துகொண்ட தோழர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் இயக்கத்துக்கு இது புதிய பாடமும் அன்று. 1966ஆம் ஆண்டின் பீடி – சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை நடைமுறைப்படுத்த மறுத்து முதலாளிகள் கண்ணூரில் ஆலைகளை மூடியபோது, வேலையிழந்தவர்கள் சுமார் 12,000 பேர். அவர்களைக் கொண்டு 1969இல் தினேஷ் பீடிக் கூட்டுறவு உருவானது. காபி வாரியம் தன் கடைகளை மூடியபோது, தோழர் ஏ.கே. கோபாலனின் முன்முயற்சியால் தொழிலாளர்களே காபி ஹவுஸ்களை எடுத்து நடத்தினார்கள். தில்லி மோகன் சிங் பிளேஸின் மொட்டை மாடியில் காபி குடித்தபடி 'கூட்டுறவால் பயனில்லை' என்று வாதிடும் தோழர்களை நான் பார்த்திருக்கிறேன்! மார்க்ஸ் 1864இல் முதல் அகிலத்தின் தொடக்க உரையில் கூட்டுறவு ஆலைகளைப் போற்றினார். அதே உரையில், குறுகிய வட்டத்துக்குள் நின்றுவிட்டால் அவை ஏகபோகத்தைத் தடுக்கமாட்டா என்றும் எச்சரித்தார். இரண்டு பகுதிகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். நம்மில் சிலர் பின்பகுதியை மட்டும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறோம்.

இன்னொன்றையும் எழுதாமல் விட முடியவில்லை. நம் வீடுகளிலும் வீட்டுத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். என் வீட்டிலும் வாரம் ஆறு நாள் ஒருவர் வருகிறார். அவருக்கு வார விடுமுறை உண்டு. ஆண்டு ஊதிய உயர்வை அவரே கேட்கும்வரை நான் நினைத்ததில்லை. கட்சிக் கிளைகளில் இதைப் பற்றிப் பேச நாம் கூச்சப்படுகிறோம். அந்த ஐவர் நம் தோழர்களின் வீடுகளில் இருவருக்கு விலைப்பட்டியலை அனுப்பினார்கள். இருவரும் தள்ளுபடி கேட்டார்களாம். "தோழர்னா கொறச்சுக் குடுக்கணுமாக்கா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் இளையவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது விளம்பரத்தின் இரண்டாம் பதிப்பு ஆயத்தமாகிறது. முதற்பதிப்பின் படங்களில் எல்லோர் கையும் வெறுங்கையாக இருந்தது. ஆசிட்டையும் பிளீச்சிங் பொடியையும் ஒன்றாகக் கலந்து ஒருவருக்கு மூச்சுத் திணறியபின்தான் இரண்டையும் சேர்த்தால் குளோரின் வாயு எழும் என்பதை எல்லோரும் அறிந்தோம். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் இனிப் படம் எடுப்பதில்லை, வேலைக்கும் இறங்குவதில்லை என்று முடிவாகியிருக்கிறது. அதன் செலவு, வீடு ஒன்றுக்கு அறுபது ரூபாய், விலைப்பட்டியலில் தனி வரியாக ஏறும். அந்த வரியை இந்தியில் எப்படி எழுதுவது என்று ஞாயிறு மாலை நரேலாவில் இரு குழுக்களும் கூடிப் பேச இருக்கின்றன. என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.